கறுப்புச் சுவரும் அதைச் சுற்றிய சண்டையும்: வாஷிங்டன் வியட்நாம் போர் நினைவுச்சின்னம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோர்களை ஒருநாளாவது வாஷிங்டனுக்கு அழைத்துப்போய்க் காட்டுவது வழக்கமாகிவிட்டது. வெள்ளை மாளிகை வேலிக்கு வெளியே ஒரு படம், லிங்கன் சிலைக்கு முன்னால் ஒரு படம், அப்புறம் நாலு எட்டு நடந்தால் வரும் கறுப்புச் சுவர். முதல் இரண்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. சுவரைப் பற்றித்தான் ஊர் திரும்பியும் கேள்வி வருகிறது. போர் வீரர்களுக்குக் கட்டியது என்கிறார்களே, ஏன் பள்ளத்துக்குள் இறங்கிக் கிடக்கிறது? ஒரு சிலைகூட இல்லாமல் வெறும் பெயராக ஏன்? கறுப்பு எதற்கு? 40 ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்கர்களும் இதையேதான் கேட்டார்கள், இன்னும் கோபமாக. அந்தக் கோபத்தின் கதை இது.

அந்தச் சுவர் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?

வாஷிங்டன் நகரின் நடுவே நீண்டு கிடக்கும் புல்வெளித் திடலில், லிங்கன் நினைவகத்துக்கு வடகிழக்கே இருக்கிறது. இரண்டு சுவர்கள். ஒவ்வொன்றும் 246 அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம். இரண்டும் விரித்த புத்தகம்போல ஓர் இடத்தில் சேர்கின்றன. சேரும் மூலையில் உயரம் 10 அடி. அங்கிருந்து சரிந்து சரிந்து நுனியில் ஒரு சாண் உயரம்தான். ஒரு சுவர் நுனி லிங்கன் நினைவகத்தைக் காட்டுகிறது, மற்றது வாஷிங்டன் தூணைக் காட்டுகிறது. சுவருக்குப் பின்னால் மண்தான். அந்தப் பக்கமிருந்து வந்தால் சுவர் இருப்பதே தெரியாது, புல்தரைதான் தெரியும். வியட்நாம் போரில் இறந்த, காணாமற்போன அமெரிக்கப் படையினர் 58,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன.

அரசு கட்டியதா?

இல்லை. இடம் மட்டும் அரசு கொடுத்தது. ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற முன்னாள் சிப்பாய், போரில் காயம்பட்டுத் திரும்பியவர், 1979-இல் வியட்நாம் போர் பற்றிய ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்து எடுத்த முடிவு இது. தோழர்கள் சிலரைச் சேர்த்து ஒரு நிதியம் தொடங்கினார். முதல் சில மாதங்களில் வசூலானது 144 டாலர் 50 சென்ட். தொலைக்காட்சியில் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். கடைசியில் சேர்ந்தது சுமார் 84 லட்சம் டாலர். பெரும்பாலும் சாதாரண மக்கள் அனுப்பிய சிறு தொகைகள். இடத்துக்கான சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1980 ஜூலை 1 அன்று கையெழுத்திட்டார்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் வந்த எதிர்ப்புக்கு இதில் ஒரு வேர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு ஊர்வலம் கிடைத்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களில் பலர் விமான நிலையத்திலேயே சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனதாகச் சொல்வார்கள். தோற்ற போர், பாதி நாடு எதிர்த்த போர். நாடு அவர்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையை இந்தக் கல் சொல்ல வேண்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

வடிவத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

திறந்த போட்டி. 18 வயது நிரம்பிய எந்த அமெரிக்கரும் அனுப்பலாம். நிபந்தனைகள் சில இருந்தன: பார்ப்பவரைச் சிந்திக்க வைக்க வேண்டும், சுற்றுப்புறத்தோடு ஒட்டிப்போக வேண்டும், இறந்த, காணாமற்போன எல்லோரின் பெயரும் இருக்க வேண்டும், போர் சரியா தவறா என்று எந்த அரசியல் கருத்தும் சொல்லக் கூடாது. 1,421 வடிவங்கள் வந்தன. அத்தனையையும் விரித்து வைக்க மண்டபம் போதாமல், ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் விமானம் நிறுத்தும் கொட்டகையில் வைத்தார்கள். பெயர் மறைத்து, எண் மட்டும் போட்டிருந்தார்கள். நடுவர்கள் எட்டுப் பேர்; கட்டடக்கலைஞர்கள், நிலவடிவமைப்பாளர்கள், சிற்பிகள், எழுத்தாளர் ஒருவர். வியட்நாமில் சண்டையிட்டவர் ஒருவர்கூட அந்தக் குழுவில் இல்லை. இது பின்னால் பெரிய குறையாகப் பேசப்பட்டது. அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

1981 மே மாதம் நடுவர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது 1026 என்று எண்ணிட்ட வடிவத்தை.

மாயா லின் யார்?

யேல் பல்கலைக்கழக இளங்கலை மாணவி. அப்போது வயது 21. சீனாவிலிருந்து வந்து குடியேறிய பேராசிரியர் தம்பதிக்கு ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். சாவு தொடர்பான கட்டடங்கள் பற்றிய ஒரு வகுப்புக்காகச் செய்த பயிற்சி வேலைதான் இந்த வடிவம். வகுப்பில் அதற்குக் கிடைத்த மதிப்பெண் 'பி'. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மசித்த உருளைக்கிழங்கைக் கிளறி மாதிரி செய்து பார்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. தேர்வில் 'பி' வாங்கிய வேலை நாட்டிலேயே முதல் பரிசு வாங்கியதை நினைத்தால் நம் ஊர் மாணவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எல்லோரும் 'பள்ளம்' என்கிறார்களே, அவர் மனத்தில் இருந்தது என்ன?

இடத்தைப் பார்க்கப் போனபோது, கத்தியெடுத்து அந்தப் புல்தரையை ஒரு கீறு கீறி இரண்டு பக்கமும் விலக்க வேண்டும் என்று தோன்றியதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நாளாவட்டத்தில் மேலே புல் மூடும், காயம் ஆறும். வெட்டிய முகம் மட்டும் பளபளவென்று கண்ணாடிபோல் நிற்கும். நடந்து வருபவர் தன்னையறியாமல் கீழிறங்குவார். முதலில் கணுக்கால் உயரத்தில் ஒரு வரிப் பெயர். பிறகு முழங்கால், இடுப்பு, தோள். மூலைக்கு வரும்போது பெயர்கள் தலைக்கு மேலே போயிருக்கும். பிறகு மெல்ல ஏறி வெளிச்சத்துக்கு வந்துவிடுவார்.

படம் பார்த்துப் புரிகிற வடிவம் இல்லை இது. நடந்து பார்த்தால்தான் புரியும். அதுதான் அன்று அவருக்கு வந்த சிக்கலும். கட்டாத ஒன்றை யார் நடந்து பார்ப்பது? மக்களுக்குக் காட்டியது பாஸ்டல் சுண்ணத்தால் மங்கலாக வரைந்த ஓர் ஓவியத்தை. அதில் பச்சைத் தரையில் ஒரு கறுப்புக் கோடு கிடந்தது, அவ்வளவுதான்.

எதிர்ப்பு ஏன் அவ்வளவு கடுமையாக வந்தது?

நினைவுச்சின்னம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோர் மனத்திலும் ஒரு படம் இருக்கிறது. உயரமாக இருக்கும், வெள்ளையாக இருக்கும், ஒரு வீரன் துப்பாக்கியோடு நிற்பான், மேலே கொடி பறக்கும். அந்தத் திடலில் ஏற்கெனவே இருந்த லிங்கன் நினைவகமும் வாஷிங்டன் தூணும் அப்படித்தான்: வெண்பளிங்கு, நிமிர்ந்த நடை. புதிய வடிவம் ஒவ்வொன்றிலும் நேர்மாறாக இருந்தது. உயரத்துக்குப் பதில் தாழ்வு, வெள்ளைக்குப் பதில் கறுப்பு, சிலைக்குப் பதில் எழுத்து. கொடி கிடையாது. முதல் வரைவில் பெயர்களையும் ஆண்டுகளையும் தவிர எதுவும் இல்லை. 'வியட்நாம்' என்ற சொல்கூட இல்லை.

திரும்பி வந்தபோது முகம் கொடுத்துப் பேசாத நாடு, இப்போது நினைவுச்சின்னத்தையும் மண்ணுக்குள் ஒளிக்கிறது என்று முன்னாள் படைவீரர்கள் பலர் எடுத்துக்கொண்டார்கள். டாம் கார்ஹார்ட் என்பவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், போரில் காயம்பட்டுப் பதக்கம் வாங்கியவர், அந்தப் போட்டிக்கே ஒரு வடிவம் அனுப்பியிருந்தவர். வாஷிங்டனில் எழும் நினைவுச்சின்னங்களின் வடிவத்தைப் பரிசீலிக்கும் அரசு அமைப்பு நுண்கலை ஆணையம். 1981 அக்டோபரில் அதன் முன் எழுந்து இது அவமானத்தைச் சொல்லும் ஒரு கறுப்புக் கீறல் என்றார். அந்தச் சொல் நாடு முழுக்கப் பரவியது. இரண்டு சுவர்களும் சேரும் வடிவத்தில் போர் எதிர்ப்பாளர்கள் விரல்களால் காட்டும் 'வி' சின்னத்தைக் கண்டவர்களும் உண்டு. குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் 27 பேர் அதிபர் ரேகனுக்குக் கடிதம் எழுதினார்கள்.

ஒன்றைக் கவனித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். மாயா லின் கீறல் என்று சொன்னார். கார்ஹார்ட்டும் கீறல் என்றுதான் சொன்னார். இருவர் கண்ணுக்கும் தெரிந்தது ஒன்றே. புண் ஆற வேண்டுமானால் முதலில் அதைத் திறந்து காட்ட வேண்டும் என்பது மாயா லினின் எண்ணம். எங்கள் புண்ணை ஊர் நடுவில் காட்டாதே என்பது கார்ஹார்ட்டின் மனக்குறை. வடிவத்தைப் புரிந்துகொள்ளாமல் எதிர்த்தார்கள் என்று சொல்வது எளிது. எனக்கென்னவோ, எதிர்த்தவர்கள் அதை மிக நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்றே படுகிறது.

எதிர்த்தவர்கள் எல்லாம் போரை ஆதரித்தவர்கள்தானா?

முன்னணியில் நின்றவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம். ஆனால் ஆரம்பத்தில் இதே திட்டத்துக்குக் கைகொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. தொழிலதிபர் ராஸ் பெரோ போட்டி நடத்த 1,60,000 டாலர் கொடுத்தவர். முடிவு வந்ததும் இது வெறும் பதுங்குகுழி என்று எதிர்ப்பக்கம் போனார். கடற்படைத் தரைவீரராக வியட்நாமில் சண்டையிட்டு, பிறகு எழுத்தாளரான ஜேம்ஸ் வெப் திட்டத்துக்கு ஆதரவு தந்தவர்களில் ஒருவர், அவரும் விலகினார். பிற்காலத்தில் வர்ஜீனியா செனட்டராகவும் ஆனார். மறுபுறம், வடிவத்துக்காகக் கடைசிவரை நின்ற ஸ்க்ரக்ஸும் அதே போரில் குண்டுச் சிதறல் தாங்கியவர்தான். ஆகவே சிப்பாய்களுக்கும் கலைஞர்களுக்கும் நடந்த சண்டை என்று இதைச் சுருக்க முடியாது. சண்டை சிப்பாய்களுக்குள்ளேயே நடந்தது.

கறுப்பு எதற்கு? கல் இந்தியாவிலிருந்து போனதாமே, உண்மையா?

உண்மை. பெங்களூருக்கு அருகே வெட்டி எடுத்த கறுப்பு கிரானைட். கப்பலேறிப் போய் வெர்மான்ட் மாநிலத்தில் அறுக்கப்பட்டு மெருகேறியது. டென்னிசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு என்றால், கண்ணாடிபோல் முகம் தெரியும் அளவுக்கு மெருகேறும் பெரிய கறுப்புப் பாளங்கள் வேண்டியிருந்தன. கனடாவிலும் சுவீடனிலும் அப்படிப்பட்ட கல் உண்டு. ஆனால் கட்டாய ராணுவ சேவைக்குப் போகாமல் தப்பியோடிய இளைஞர்களுக்கு இடம் கொடுத்த நாடுகள் அவை, அதனால் வேண்டாம் என்றார்களாம். கல்லுக்கும் அரசியல் பார்த்த காலம் அது.

வெள்ளைக் கல்லில் எழுத்து படிக்கக் கண் கூசும், நிழலும் விழாது. கறுப்பில் எழுத்து சாம்பல் நிறத்தில் பளிச்சென்று நிற்கும். அதற்குப் பின்னால் படிப்பவரின் முகமும் தெரியும். இது வடிவமைப்பாளரின் காரணம். எதிர்த்தவர்களுக்குக் கறுப்பு என்றால் துக்கமும் வெட்கமும்தான். 1982 ஜனவரியில் செனட்டர் ஜான் வார்னர் கூட்டிய கூட்டத்தில் இந்தப் பேச்சு முற்றியபோது, கறுப்பினத்தவரான ஜெனரல் ஜார்ஜ் பிரைஸ் எழுந்தார். கறுப்பை அவமானத்தின் நிறம் என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, கொரியாவிலும் வியட்நாமிலும் களத்தில் யாரும் நிறம் பார்க்கவில்லை என்றார். நிறத்தைப் பற்றிய பேச்சு அந்த அறையில் அதோடு அடங்கியது.

மாயா லினின் இனத்தை வைத்தும் பேசினார்களா?

பேசினார்கள். ஆசியாவில் ஆசியர்களோடு நடந்த போருக்கு ஆசிய முகமுள்ள பெண் நினைவுச்சின்னம் செய்வதா என்று முணுமுணுப்பு இருந்தது. அதைவிட மோசமான வசைகளும் இருந்தன. அவர் பிறந்தது ஒஹையோவில் என்பதெல்லாம் எடுபடவில்லை. பெயர் மறைத்து நடத்தாமல் இருந்திருந்தால் 1026-க்குப் பரிசு கிடைத்திருக்காது என்று அவரே சந்தேகப்பட்டிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பெயர்கள் ஏன் அகரவரிசையில் இல்லை? தேடுவது கஷ்டமாயிற்றே.

இறந்த நாள் வரிசையில் இருக்கின்றன. இதற்கும் எதிர்ப்பு வந்தது: மகன் பெயரைத் தேடும் தாய் என்ன செய்வாள் என்று கேட்டார்கள். பாதுகாப்புத் துறையின் பட்டியலைப் புரட்டிப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. ஸ்மித் என்ற குடும்பப் பெயர் மட்டும் 600-க்கு மேல். அகரவரிசையில் வைத்தால் தொலைபேசிப் புத்தகம் ஆகிவிடும். எந்த ஸ்மித் யாருடைய ஸ்மித் என்று தெரியாது. நாள் வரிசையில் வைத்தால் ஒரே சண்டையில் ஒன்றாக விழுந்தவர்கள் கல்லிலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். உயிரோடு திரும்பியவர் வந்து நின்றால், தான் இருந்த அந்த நாளை அப்படியே கண்டுகொள்வார்.

வரிசை தொடங்கும் இடமும் யோசித்துச் செய்தது. சுவர்கள் சேரும் மூலையில், வலப்பக்கம் மேலே, 1959. அங்கிருந்து கிழக்கு நுனிவரை போய் மண்ணுக்குள் மறைகிறது. மேற்கு நுனியில் மறுபடி கிளம்பி, வந்து வந்து அதே மூலையில், இடப்பக்கம் கீழே 1975-இல் முடிகிறது. முதல் பெயர் உள்ள பலகையும் கடைசிப் பெயர் உள்ள பலகையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்த முழு அமைப்பிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூலைதான்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். வைரவடிவம் என்றால் இறப்பு உறுதியானது. சிலுவைக் குறி என்றால் காணாமற்போனவர். எலும்பு கிடைத்து அடையாளம் தெரிந்தால் சிலுவைமேல் வைரத்தைச் செதுக்குகிறார்கள். உயிரோடு திரும்பினால் சிலுவையைச் சுற்றி வட்டம் போட வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு வட்டமும் இதுவரை போடப்படவில்லை.

அப்படியானால் பக்கத்தில் இருக்கும் மூன்று சிப்பாய்களின் சிலை?

அதுதான் சமரசம். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் வாட் கட்டட அனுமதியைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தார். அமெரிக்க உள்துறை என்றால் போலீஸ் இல்லை. பூங்காக்களும் அரசு நிலங்களும்தான் அவர்கள் பொறுப்பு. வார்னர் கூட்டத்தில் மணிக்கணக்காகச் சண்டை போட்டபின், சிலை ஒன்றும் கொடி ஒன்றும் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. 1982 மார்ச்சில் மண் வெட்டத் தொடங்கினார்கள்.

சிலையைச் செய்தவர் ஃபிரெடரிக் ஹார்ட். போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கிய குழுவில் இருந்தவர். வெள்ளையர், கறுப்பர், லத்தீன் அமெரிக்க வம்சத்தவர் என்று மூன்று இளைஞர்கள், வெண்கலத்தில், களைத்துப்போய் நிற்கிறார்கள். சுவர்கள் சேரும் மூலையிலேயே கொடியை நட்டு, எதிரே சிலையை வைக்க வேண்டும் என்பது எதிர்ப்பாளர்களின் ஆசை. அப்படிச் செய்திருந்தால் சுவர் வெறும் பின்னணித் திரையாகியிருக்கும். நுண்கலை ஆணையம் இரண்டையும் தள்ளி, நுழையும் வழியில் மரங்களுக்கு அருகே வைக்கச் சொன்னது. அதனால் இன்று அந்த மூவரும் தூரத்திலிருந்து தங்கள் தோழர்களின் பெயர்களைத் தேடுவதுபோல் தோன்றுகிறது. சண்டையில் பிறந்த தற்செயல், நன்றாகவே அமைந்துவிட்டது.

மாயா லின் அதை ஏற்றுக்கொண்டாரா?

அப்போது இல்லை. பிறர் வரைந்த முகத்துக்கு மீசை வரைவதுபோல் இருக்கிறது என்றார். சிலை 1984 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்குள் எல்லோருக்கும் கொஞ்சம் சூடு தணிந்திருந்தது.

மக்கள் மனம் எப்போது மாறியது?

கிட்டத்தட்ட ஒரே வாரத்தில். 1982 நவம்பர் 13 அன்று திறப்பு. அதற்கு முன் மூன்று நாள், வாஷிங்டன் தேசிய தேவாலயத்தில் இரவு பகலாக ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். வியட்நாம் வீரர்கள் தங்களுக்குத் தாங்களே ஓர் ஊர்வலம் நடத்திக்கொண்டார்கள். சக்கர நாற்காலியில், பழைய சட்டையில், தாடியோடு. திறந்ததும் கூட்டம் சுவரை நோக்கிப் போனது. போனவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: கையை நீட்டிப் பெயரைத் தொட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சிலையைத் தொட்டு அழ முடியாது. அது யாரோ ஒருவன். பெயர் அவன்தான்.

பத்திரிகைகளில் வந்த விளக்கங்களால் யாரும் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. தொட்டுப் பார்த்தவர்கள் மாறினார்கள். 2007-இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர்கள் கழகம் மக்களுக்குப் பிடித்த கட்டடங்களைக் கேட்டு வெளியிட்ட பட்டியலில் இது பத்தாவது இடத்தில் இருந்தது. ஆனாலும் கடைசிவரை மனம் மாறாதவர்களும் இருந்தார்கள். அது அவர்கள் உரிமை.

சுவரடியில் பொருள்களை வைத்துவிட்டுப் போகிறார்களாமே?

ஆமாம். இது வடிவத்தில் எழுதப்படாத பகுதி. கட்டும்போதே ஒருவர் தன் இறந்த சகோதரனின் பதக்கத்தை அடித்தளக் கான்கிரீட்டில் போட்டார் என்று சொல்வார்கள். கடிதம், பூட்ஸ், கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடு, கரடி பொம்மை, திறக்காத பீர் டப்பா, பேரக்குழந்தையின் ஸ்கேன் படம். 1995-இல் ஒரு முழு ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள். பூங்காத் துறை ஊழியர்கள் அன்றாடம் எடுத்து, மேரிலாந்தில் ஒரு கிடங்கில் பாதுகாக்கிறார்கள். இதுவரை 4 லட்சத்துக்கும் மேல் சேர்ந்திருக்கிறது. வாடும் பூவையும் செடிகளையும் மட்டும் சேர்ப்பதில்லை.

நமக்கு இது புதிதாகத் தோன்றாது. நடுகல்லுக்குப் பெயர் எழுதி மாலை சூட்டிப் படையல் வைத்த ஊர்க்காரர்கள் நாம்.

பெண்கள் சிலை தனியாக இருக்கிறதே?

மூன்று ஆண் சிப்பாய்களை வைத்ததும் அடுத்த கேள்வி தானாக வந்தது: நாங்கள் எங்கே? பெயர்ச்சுவரில் எட்டுப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. ஆணும் பெண்ணும் அங்கே ஒரே எழுத்து. உருவம் என்று வந்தபிறகுதான் யார் விடுபட்டார் என்பது கண்ணில் பட்டது. வியட்நாமில் ராணுவச் செவிலியராக இருந்த டயான் கார்ல்சன் எவன்ஸ் இதற்காகப் பத்தாண்டுகள் அலைந்தார். 1987-இல் நுண்கலை ஆணையம் மறுத்தது. இப்படியே போனால் ராணுவ நாய்களுக்கும் சிலை கேட்பார்கள் என்று ஆணையத்தின் தலைவர் பேசியது செவிலியர்களை எப்படிச் சுட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு கிளென்னா குடேக்கர் செய்த சிலை 1993 நவம்பர் 11 அன்று வந்தது: அடிபட்டவனை மடியில் தாங்கும் ஒரு பெண்ணும் உடனிருக்கும் இரண்டு பெண்களும்.

2004-இல் இன்னொரு பலகையும் சேர்ந்தது. காட்டை அழிக்க அமெரிக்கப் படை வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சாலும் மனநோயாலும் பல ஆண்டுகள் கழித்து இறந்தவர்களுக்கானது. அவர்கள் பெயர் சுவரில் ஏறாது. அதற்குரிய விதிகள் கறாரானவை.

வியட்நாமியர் பெயர் ஒன்றும் இல்லையா?

இல்லை. அமெரிக்கப் படையினர் மட்டுமே. அமெரிக்காவின் பக்கம் நின்று செத்த தென்வியட்நாம் சிப்பாய்கள்கூட இல்லை. என் பார்வையில் இந்தச் சுவர்மேல் வைக்கக்கூடிய குறைகளில் மிகக் கனமானது இதுதான். ஆனால் 1981-இல் அவ்வளவு சத்தம் போட்டவர்களில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. கிறிஸ் பர்டன் என்ற கலைஞர் 1991-இல் செம்புத் தகடுகளில் 30 லட்சம் வியட்நாமியப் பெயர்களைப் பொறித்து ஒரு படைப்புச் செய்தார். அத்தனை பேரின் உண்மையான பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லாததால் பெயர்களைக் கலந்து கலந்து உருவாக்க வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில், அகதிகளாக வந்தவர்கள் முயற்சியில், அமெரிக்கச் சிப்பாயும் தென்வியட்நாம் சிப்பாயும் அருகருகே நிற்கும் சிலை 2003-இல் எழுந்தது.

மற்ற நினைவுச்சின்னங்களுக்கும் இப்படி எதிர்ப்பு வந்ததா?

வந்தது. 2004-இல் திறந்த இரண்டாம் உலகப் போர் நினைவுச்சின்னத்தில் தூண், வளைவு, நீரூற்று என்று கேட்டதெல்லாம் இருக்கிறது. திடலின் நடுப்பார்வையை மறிக்கிறது, ஆடம்பரமாக இருக்கிறது என்று திட்டு வாங்கியது. கொரியப் போர் நினைவகத்தில் 1995 முதல் எஃகுச் சிப்பாய்கள் 19 பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். பெயர் இல்லையே என்ற ஏக்கம் தீராமல் 2022-இல் பெயர்ச்சுவரும் சேர்த்தார்கள். அதில் எழுத்துப்பிழைகள் நிறைய என்று அடுத்த ஆண்டே செய்தி வந்தது. உருவம் வைத்த இடத்தில் பெயர் கேட்கிறார்கள், பெயர் வைத்த இடத்தில் உருவம் கேட்கிறார்கள்.

டெல்லியில் இருக்கும் தேசியப் போர் நினைவகம்?

அதற்கும் போட்டி வைத்துத்தான் வடிவம் தேர்ந்தெடுத்தார்கள்; வென்றது சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் யோகேஷ் சந்திரஹாசனின் வடிவம். 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தது. அதுவும் தரையோடு தாழ்ந்து போவதுதான். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள், சுதந்திரத்துக்குப்பின் உயிர்நீத்த 25,942 வீரர்களின் பெயர்கள் கிரானைட் பலகைகளில். வடிவத்தைப் பற்றிப் பெரிய சச்சரவு எழவில்லை. சச்சரவு 2022 ஜனவரியில் வந்தது: இந்தியா கேட் வளைவின்கீழ் 1972 முதல் எரிந்த அமர் ஜவான் ஜோதியை எடுத்துப்போய்ப் புதிய நினைவகத்துச் சுடரோடு சேர்த்தபோது. முன்னாள் ராணுவத்தினரில் சிலர் வரவேற்றார்கள், சிலர் மனம் நொந்தார்கள். ஐம்பது ஆண்டு பழகிய இடத்தை மாற்றினால் அப்படித்தான்.

நேரில் போனால் எப்படிப் பார்ப்பது?

கட்டணம் இல்லை, நாள் முழுதும் திறந்திருக்கும். மேற்கு நுனியிலோ கிழக்கு நுனியிலோ இருந்து இறங்கி நடங்கள். நடுவில் குறுக்கே போய் நிற்காதீர்கள். ஒரு பெயரைத் தேடுவதானால் இரண்டு முனைகளிலும் தடித்த புத்தகம் வைத்திருப்பார்கள். அது அகரவரிசையில் இருக்கும். பலகை எண்ணும் வரி எண்ணும் குறித்துக்கொண்டு போகவும். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பலகைகளின் ஓரத்தில் பத்து வரிக்கு ஒரு புள்ளி பொறித்திருக்கிறார்கள். அதைப் பிடித்து எண்ணினால் சிரமம் இருக்காது. தன்னார்வலர்களிடம் கேட்டால் காகிதமும் பென்சிலும் தருவார்கள். காகிதத்தைப் பெயரின்மேல் வைத்துத் தேய்த்தால் எழுத்து அப்படியே பதிந்துவிடும். பெயர் எட்டாத உயரத்தில் இருந்தால் அவர்களே ஏணியும் கொண்டுவருவார்கள்.